சாமி பயம் போனா குற்றம் கூடுமா?

கேள்வி: கடவுள் நம்பிக்கை குறையக் குறைய கொலையும் கொள்ளையும் கூடிக்கிட்டே போகுது. பள்ளிக்கூடத்துல மத போதனையைக் கட்டாயமாக்கினா பாதி ஜெயிலை மூடிடலாம். இதை எழுத உங்க பத்திரிகைக்கு என்ன தயக்கம்?

பதில்: தயக்கம் ஒண்ணும் இல்லீங்க. நீங்க சொல்றது உண்மையா இல்லை, அதனாலதான் எழுதல.

முதல்ல கணக்கைப் பார்ப்போம். திருட்டு, மோசடி, பாலியல் குற்றம் இதையெல்லாம் வச்சு நாட்டுக்கு நாடு ஒப்பிட்டா தப்பான முடிவுக்குத்தான் வருவோம், ஏன்னா ஒரு நாட்டுல பொண்ணு தைரியமா ஸ்டேஷனுக்குப் போய் புகார் கொடுப்பா, இன்னொரு நாட்டுல வீட்டுலயே அவ வாயை அடைச்சிடுவாங்க, கடைசியில புகார் கொடுக்க முடியுற நாடுதான் கணக்குல மோசமா தெரியும். கொலையை அப்படி சுலபமா மறைக்க முடியாது. அதனால இந்தத் துறையில ஆராய்ச்சி பண்றவங்க பெரும்பாலும் கொலைக் கணக்கைத்தான் எடுத்துக்கிறாங்க. உலக சராசரி லட்சம் பேருக்கு வருஷத்துக்கு 6 கொலை பக்கம் வரும். எனக்கு மதம் இல்லைன்னு பெரும்பாலானவங்க சொல்ற செக் குடியரசுல அது 1 பக்கத்துலதான் நிக்குது. ஜப்பான்லயும் பாதிக்கு மேல அப்படித்தான் சொல்றாங்க, அங்க அரை கூட இல்லை. சர்ச் நிரம்பி வழியுற மத்திய அமெரிக்க நாடான எல் சால்வடார்ல 2015-ல அது 100-ஐத் தாண்டிச்சு.

உடனே "பாத்தீங்களா, நாத்திகம் வந்தா குற்றம் குறையும்"னு இன்னொரு கோஷ்டி கிளம்பும், அவங்களுக்கும் இதே பதில்தான். இந்தோனேசியால மக்கள் ரொம்ப பக்தியானவங்க, அங்கயும் கொலை விகிதம் 1-க்குக் கீழதான். எழுபது வருஷம் மதத்தை அடக்கி வச்ச சோவியத் ஆட்சி முடிஞ்சப்புறம் ரஷ்யால 1990-கள்ல அது 30 வரைக்கும் ஏறிச்சு, அதுக்குக் காரணம் கடவுளும் இல்லை, கடவுள் இல்லாததும் இல்லை, வேலை போச்சு, அரசு நிலைகுலைஞ்சு போச்சு, சாராயம் ஆறா ஓடிச்சு. எல் சால்வடாரையே திரும்பப் பாருங்க, 2023-ல அரசு கணக்குப்படி 3-க்கும் கீழ. இந்த எட்டு வருஷத்துல அந்த மக்களோட பக்தியில பெரிய மாற்றம் எதுவும் இல்லை, அதே மக்கள் அதே சாமி. மாறினது ஊரை ஆட்டி வச்ச ரவுடிக் கும்பல்களோட பிடி, அது தளர்ந்துச்சு. அதுக்காக 2022-ல இருந்து நெருக்கடி நிலை போட்டு 70,000 பேருக்கு மேல பிடிச்சு உள்ள போட்டாங்க, அதுல அப்பாவிகளும் மாட்டிக்கிட்டாங்கன்னு மனித உரிமை அமைப்புகள் சொல்லுது, அந்த வழியை நான் சரின்னு சொல்ல வரல.

"குறையக் குறைய கூடுது"ன்னு எழுதியிருக்கீங்களே, அதையும் பாத்துடலாம். ஐரோப்பாவுல மதத்தோட பிடி இறுகியிருந்த மத்திய காலத்துல கொலை விகிதம் லட்சத்துக்கு 20, 30-ன்னு இருந்துச்சு, பழைய நீதிமன்றப் பதிவுகளை வச்சு மானுவல் ஐஸ்னர்ங்கிற ஆய்வாளர் இதைத் தொகுத்திருக்கார். இருபதாம் நூற்றாண்டுல அது 1-க்கு வந்துடுச்சு. அமெரிக்காவுல 1991-ல கிட்டத்தட்ட 10, 2014-ல நாலரை, அதே காலத்துலதான் மதம் இல்லைன்னு சொல்றவங்க பத்து சதவீதத்துக்குக் கீழ இருந்து இருபதைத் தாண்டினாங்க. பக்தி குறைஞ்சதாலதான் கொலை குறைஞ்சதுன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா நீங்க சொல்றபடி கூடியிருக்கணுமே, கூடலையே.

அப்போ நம்பிக்கையால ஒண்ணுமே இல்லையான்னா, இருக்கு, அதை மறைச்சு எழுதினா நான் நேர்மையா நடந்துக்கலைன்னு அர்த்தம். 2001-ல பேயர், ரைட்னு ரெண்டு ஆய்வாளர்கள் அதுவரைக்கும் வந்த 60 ஆய்வுகளை ஒண்ணா சேர்த்துப் பாத்தாங்க, மத ஈடுபாடு உள்ளவங்க குற்றம் பண்றது கொஞ்சம் குறைச்சல்தான்னு முடிவு வந்துச்சு. கொஞ்சம்தான், ஆனா இருக்கு. ஏன் அப்படி? 1969-ல ஹிர்ஷி, ஸ்டார்க்னு ரெண்டு சமூகவியல் ஆய்வாளர்கள் அமெரிக்காவுல கலிபோர்னியால பள்ளிப் பசங்ககிட்ட விசாரிச்சப்போ, செத்தப்புறம் தண்டனை உண்டுன்னு நம்புற பையனும் நம்பாத பையனும் ஏறக்குறைய ஒரே அளவுக்குத்தான் தப்பு பண்ணியிருந்தாங்க. 2012-ல 67 நாட்டு விவரத்தை வச்சு வந்த ஒரு ஆய்வு வேற மாதிரி சொல்லுது, நரகத்தை நம்புறவங்க அதிகமா இருக்குற நாட்டுல குற்றம் குறைச்சலாவும் சொர்க்கத்தை மட்டும் அதிகமா நம்புற நாட்டுல கூடுதலாவும் இருந்துச்சாம், ஆனா நாட்டு சராசரியை வச்சு ஒரு தனி மனுஷன் மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னு சொல்லிட முடியாது. எனக்குப் பட்டது இதுதான்: வாராவாரம் ஒரு கூட்டத்தோட சேர்றவனை நாலு பேருக்குத் தெரியும், வரலைன்னா ஏன் வரலைன்னு கேப்பாங்க, வேலை போனா உதவுவாங்க, ஜெயிலுக்குப் போய்ட்டு வந்தாலும் சேர்த்துக்கிற நல்ல மனசு உள்ள பக்தர்கள் எத்தனையோ பேர் இருக்காங்க, அவங்களை நான் உண்மையிலேயே மதிக்கிறேன். ஆனா அந்த வேலையை ஒரு விளையாட்டுக் குழுவும் செய்யும், ஒரு தொழிற்சங்கமும் செய்யும்.

அரசன் அன்று கொல்வான், தெய்வம் நின்று கொல்லும்னு நம்ம பெரியவங்க சொல்லி வச்சிருக்காங்க. குற்றத்தைத் தடுக்குற விஷயத்துல அந்த "அன்று"தான் முக்கியம். தண்டனை கொடூரமா இருக்கறதை விட, தப்பாம கிடைக்கும், சீக்கிரமா கிடைக்கும்ங்கிறதுதான் கையைக் கட்டிப் போடும்னு 1764-லயே இத்தாலில பெக்காரியாங்கிற சட்டச் சிந்தனையாளர் எழுதிட்டார், அதுக்கப்புறம் வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் நிக்குது.

இப்போ எனக்குக் கோபம் வர்ற இடத்துக்கு வர்றேன். 2017-ல 13 நாட்டுல 3,000 பேருக்கு மேல வச்சு ஒரு ஆய்வு நடந்துச்சு. ஒரு கொடூரமான தொடர் கொலைகாரனைப் பத்தி விவரிச்சு அவன் யாரா இருக்கலாம்னு கேட்டப்போ, கடவுள் நம்பிக்கை இல்லாதவனா இருப்பான்னு நினைக்கிற சாய்வு, நம்பிக்கை உள்ளவனா இருப்பான்னு நினைக்கிறதைப் போல ஏறக்குறைய ரெண்டு மடங்கு இருந்துச்சு, நாத்திகர்களே கூட அப்படித்தான் நினைச்சிருக்காங்க. அவ்வளவு ஆழமா ஊறிப் போச்சு இந்த எண்ணம். இதுக்கு இன்னொரு பக்கம் இருக்குல்ல? சாமி கும்பிடாதவன் மேல காரணமே இல்லாம சந்தேகம் வருதுன்னா, சாமி பேரைச் சொல்றவன் மேல வரவேண்டிய சந்தேகம் வராமலே போயிடுது. அமெரிக்க கத்தோலிக்க ஆயர்களே கேட்டு 2004-ல வந்த ஜான் ஜே கல்லூரி ரிப்போர்ட்ல 1950-ல இருந்து 2002 வரைக்கும் 4,392 பாதிரியார்கள் மேல குழந்தைகளைப் பாலியல் கொடுமை செஞ்சதா குற்றச்சாட்டு பதிவாகியிருக்கு, குற்றம் சாட்டினவங்க 10,667 பேர். இதுல எத்தனை பிள்ளைங்க வீட்டுல சொல்லி "அவரா, வாயைக் கழுவு"ன்னு அடி வாங்கியிருக்கும். இது ஒரு மதத்தோட பிரச்சனை மட்டும் இல்லை, புனிதமானவர்னு ஒருத்தரை விசாரணைக்கு மேல தூக்கி வைக்கிற எல்லா இடத்துலயும் நடக்கும். "பக்தி இருந்தா குற்றம் இருக்காது"ங்கிற உங்க வாக்கியம் அந்தப் பிள்ளைங்களுக்கு எதிரா நிக்குதுங்க.

உங்க பிள்ளைக்கு சாமி கும்பிடச் சொல்லிக் கொடுங்க, அது உங்க வீட்டு விஷயம், யாரும் தடுக்க முடியாது. அதைக் குற்றத்தைக் குறைக்கிற திட்டமா அரசாங்கத்துக்கிட்ட கொண்டு போகாதீங்க. ஒரு கொலை கேஸ் முடிய ஏன் இத்தனை வருஷம் ஆகுது, சாட்சி சொல்ல வர்றவனுக்கு என்ன பாதுகாப்பு, ஜெயில்ல இருந்து வெளிய வந்தவனுக்கு யார் வேலை கொடுப்பாங்க, மத நிறுவனங்கள் நடத்துற விடுதிகளை யார் போய் சோதனை பண்றாங்க, இதைக் கேட்டு எழுதுங்க, அடுத்த இதழ்லயே போடுறேன்.