எலிக்குக் குறைந்த சர்க்கரை

கேள்வி: ஆவாரம்பூக் கஷாயம் சர்க்கரை நோயைக் குணமாக்கும் என்று ஆராய்ச்சியே சொல்வதாக வாட்ஸ்அப்பில் வந்தது. அம்மா மாத்திரையை நிறுத்தப் பார்க்கிறார். எப்படிச் சரிபார்ப்பது?
– வாசகி, காசிமேடு

பதில்: மாத்திரை நிற்கவே கூடாதும்மா. மருத்துவ நூலகத்தில் வேலை பார்த்தவள் நான். மாணவர்களுக்குச் சொன்னதையே சொல்கிறேன். போனில் பப்மெட்டைத் திறங்கள். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 1996 முதல் நடத்தும், மருத்துவ ஆராய்ச்சிக் கட்டுரைகளுக்கான இலவசத் தேடுதளம். ஆவாரையின் தாவரப் பெயர் சென்னா ஆரிக்குலேட்டா (Senna auriculata). பழைய கட்டுரைகளில் காசியா ஆரிக்குலேட்டா (Cassia auriculata). இரண்டையும் ஆங்கிலத்தில் தட்டுங்கள். சர்க்கரை குறைந்தது என்பவற்றில் பல, எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தவை! எலி வேறு, அம்மா வேறு. மனிதர்களிடம் செய்திருந்தால் எத்தனை பேர், எத்தனை மாதம், கஷாயம் குடிக்காதவர்களோடு ஒப்பிட்டார்களா, பணம் கொடுத்தது யார் என்று பாருங்கள். கிடைத்ததை அச்செடுத்து, ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் சர்க்கரை நோய்ப் பிரிவுக்கு அம்மாவோடு எடுத்துப் போங்கள்.