வண்டிப் பட்டறை: வாசகர் கேள்விகளுக்கு மாஸ்டர் பதில்

கேள்வி: அப்பாவின் பஜாஜ் சேத்தக், 1989 மாடல். பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பி உரிகிறது. ஒரு பட்டறையில் "பழசின் மேலேயே அடித்துவிடலாம்" என்கிறார்கள். இன்னொருவர் புளோ லேம்ப் (தீயைப் பீய்ச்சும் விளக்கு) வைத்து முழுவதையும் எரித்து எடுக்க வேண்டும் என்கிறார். நானே சுரண்டி எடுக்கலாமா? – வாசகர், தூத்துக்குடி

பதில்: தாராளமாக எடுக்கலாம். அதற்கு முன், உரிகிற இடத்தில் ஒரு பொருக்கை நகத்தால் பெயர்த்து, திருப்பிப் பாருங்கள். எவ்வளவு எடுக்க வேண்டும் என்பதை அந்த அடிப்பக்கமே சொல்லிவிடும்.

செம்பழுப்புத் துருப்பொடி ஒட்டியிருந்தால் கோளாறு தகரத்தில். அங்கே தகரம் பளிச்சென்று தெரிகிறவரை எடுத்தே ஆக வேண்டும். அடிப்பக்கம் வழவழவென்று இருந்து, கீழே பழைய பெயின்ட் பளபளத்தால், முன்பு அடித்தவர் உப்புத்தாள் போடாமலே அடித்திருக்கிறார். அந்த மேல் கோட்டை மட்டும் எடுங்கள். அடியில் கம்பெனி பெயின்ட் கெட்டியாக இருந்தால் அதைத் தொடாதீர்கள். சூளையில் வெந்த அந்தப் பிடிப்பு நம் கைவேலையில் வராது. பொருக்கு பட்டியோடு (பள்ளத்தை நிரப்பப் பூசும் பசை) தடிமனாகப் பெயர்ந்தால், யாரோ ஒடுக்கு எடுக்காமல் பட்டியால் மூடியிருக்கிறார்கள். முதலில் டிங்கரிங், அப்புறம்தான் பெயின்ட்.

உங்கள் ஊர் உப்புக்காற்றுக்குத் துருதான் என்பது என் ஊகம். மட்கார்டு மடிப்பு, கால் வைக்கும் தளத்தின் அடிப்பக்கம் இரண்டையும் ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். சத்தம் மொத்தையாக மாறுகிற இடத்தில் துரு தின்றிருக்கும், அல்லது பட்டி நிறைந்திருக்கும்.

புளோ லேம்ப் மட்டும் வேண்டவே வேண்டாம். சேத்தக்குக்குத் தனி ஃப்ரேம் கிடையாது. தகர பாடிதான் ஃப்ரேம். அந்தத் தகரம் சூட்டில் நெளிந்தால் நிமிர்த்துவது பெரும்பாடு. டேங்க் வேறு சீட்டுக்கு அடியிலேயே இருக்கிறது. "பெட்ரோலைக் காலி பண்ணிட்டேன்" என்பார்கள். வெடிப்பது காலி டேங்கில் நிற்கிற ஆவிதான். கையால் சுரண்டுவதானாலும் டேங்க்கைக் கழற்றித் தூர வைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

எரிப்பதில் இன்னொரு வம்பு ஈயம். இந்தியாவில் 2017 நவம்பரிலிருந்து வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் 90 பி.பி.எம்.முக்கு (பத்து லட்சம் பங்கில் 90 பங்கு) மேல் கூடாது. அந்த விதி வண்டிப் பெயின்ட்டுக்கு இல்லை. 1989 வண்டியில் ஈயம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆகவே பெயின்ட்டை வாட்டர் பேப்பர் போட்டு ஈரமாகத் தேயுங்கள், தூசி பறக்காது. தகரம் தெரிய ஆரம்பித்ததும் தண்ணீரை நிறுத்திவிட்டு, மாஸ்க் போட்டு, உலர்ந்த எமரித் தாளுக்கு மாறுங்கள். ஈரத் தகரம் கண்ணெதிரிலேயே துருவேறும். சுரண்டிய பொருக்கைப் பேப்பர் விரித்து அள்ளுங்கள். குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் இந்த வேலை வேண்டாம்.

80-ம் நம்பர் தாளில் எடுத்து, அதைவிட நைசான 220-ல் ஓரங்களைச் சரிவாக்குங்கள். கண்ணை மூடிக்கொண்டு தடவினால் பழைய பெயின்ட் எங்கே முடிகிறது என்று விரலுக்குத் தெரியக் கூடாது. தெரிந்தால் புதுப் பெயின்ட்டிலும் அந்தக் கோடு தெரியும். பிறகு தின்னர் தொட்ட சுத்தத் துணியால் துடைத்து, அன்றைக்கே பிரைமர். "நாளைக்கு அடிச்சுக்கலாம்" என்று தகரத்தைத் திறந்து போட்டால் உங்கள் ஊரில் ராத்திரியே வேலையைக் கெடுத்துவிடும். ரெட் ஆக்சைடைவிட எபாக்சி பிரைமருக்குச் செலவு கூடுதல். கடற்கரை ஊருக்கு நான் எபாக்சிதான் சொல்வேன்.

கேள்வி: பெயின்ட் ரிமூவர் பூசினால் சுலபமாக வந்துவிடுமே? காஸ்டிக் சோடாவிலும் ஊறவைக்கலாம் என்கிறார்களே? – வாசகர், திருப்பூர்

பதில்: வரும். கெட்டியாகப் பூசி, மேலே பாலிதீன் காகிதத்தால் மூடிவைத்தால் ஆவியாகாமல் இன்னும் நன்றாக இறங்கும். பெயின்ட் சுருங்கி எழும்பியதும் தகட்டால் வழித்து, மிச்சமில்லாமல் கழுவுங்கள். மடிப்புக்குள் ஒரு சொட்டு நின்றாலும் பிற்பாடு புதுப் பெயின்ட்டை அங்கிருந்து கிளப்பும். ரிமூவர் துருவை எடுக்காது. பிளாஸ்டிக், ஃபைபர் பாகங்களில் பட்டால் பாகமே போய்விடும்.

நிறைய ரிமூவர்களில் மெத்திலீன் குளோரைடு இருக்கும். கதவைச் சாத்திய ஷெட்டுக்குள் அதை மூச்சில் இழுத்தால், உடம்புக்குள் கார்பன் மோனாக்சைடாக மாறும். உயிரே போயிருக்கிறது. வாயில் கட்டுகிற துண்டு அதைத் தடுக்காது. மெல்லிய ரப்பர் கையுறையையும் ஊடுருவிவிடும். திறந்தவெளியில், காற்று முதுகுப் பக்கமிருந்து வரும்படி நின்று செய்யுங்கள்.

காஸ்டிக் சோடா இரும்புக்குச் சரி. அலுமினியத்தைத் தின்றுவிடும். எது அலுமினியம் என்று காந்தம் வைத்துப் பார்க்காமல் எதையும் தொட்டியில் போடாதீர்கள்.

கேள்வி: பழைய நீலத்தை எடுத்துவிட்டுக் கறுப்பு அடிக்கலாமா? – வாசகர், காரைக்குடி

பதில்: அடிக்கலாம். ஆர்.சி.யில் நிறம் எழுதியிருக்கும், ஆகவே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாற்றிப் பதிய வேண்டும். ஏஜென்ட்டிடம் கொடுக்காமல் நீங்களே போய்க் கேளுங்கள். அதைவிட முக்கியம், சேஸிஸ் எண் பொறித்த இடத்தில் கிரைண்டர் வைக்கவோ பட்டி பூசவோ பெயின்டரை விடாதீர்கள். எண் தேய்ந்துபோனால் வண்டி உங்களுடையது என்று நிரூபிக்க நீங்கள்தான் அலைய வேண்டியிருக்கும்.