மெக்சிகோ ஸ்பானிஷ்ல கலந்திருக்கிற நஹுவால்: புதுசா வந்த தம்பிக்கு

தம்பி, ஆப்ல ஸ்பானிஷ் படிச்சுட்டு மெக்சிகோ சிட்டி வந்தேன், ஆபீஸ்ல சமாளிச்சுடறேன், காய்கறி வாங்கப் போனா ஒண்ணும் புரியல, நான் படிச்சது தப்பான்னு கேட்டிருந்தீங்க. தப்பு இல்ல. நீங்க படிச்சது ஸ்பெயின்காரங்க பேசுறது. இங்க சந்தையிலயும் சமையக்கட்டுலயும் நஹுவால் வார்த்தை நிறைய புழங்குது, அதாவது ஸ்பானியர் வர்றதுக்கு முன்ன இங்க ஆண்ட அஸ்டெக் மக்கள் பேசின மொழி.

தக்காளியவே எடுத்துக்கங்க. இங்க சிவப்புத் தக்காளின்னா ஹிதொமாத்தே. வெறும் தொமாத்தேன்னு கேட்டா, மேல காஞ்ச சருகு மூடின ஒரு பச்சைக் காய், நல்லா புளிக்கும், சால்சாவுக்கு அரைக்கிறது, அதைத்தான் நிறுத்துத் தருவாங்க. வடக்கே மான்ட்டெரே நகரம் பக்கம் போனா சிவப்பையே தொமாத்தேன்னு சொல்றாங்க, அது வேற கதை.

நஹுவால்ல நிறைய வார்த்தை 'த்ல்'னு முடியும், ஸ்பானியர் வாயில அது நுழையாம 'தே' ஆயிடுச்சு. அதனால ஸ்ட்ரா பொப்போத்தே, வேர்க்கடலை ககவாத்தே, பச்சை பீன்ஸ் எஹோத்தே, கயிறு மெகாத்தே. தெருச்சந்தைக்குப் பேர் தியாங்கிஸ், அதுவும் நஹுவால்தான். எஸ்குவின்க்லேன்னு பசங்களைச் சொல்றது காதுல விழும், மூலத்துல அது நாய், அடுத்தவங்க பிள்ளையை அப்படிச் சொல்லிடாதீங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மக்காச்சோளத்தோட கதைதான். ஸ்பானிஷ்ல அதுக்கு மாயீஸ்ங்கிற பேரு இந்த ஊர்ப் பேரே இல்ல, கரீபியன் தீவுகள்ல இருந்த தைனோ மக்களோடது, 1492ல கொலம்பஸ் முதல்ல அங்கதானே இறங்கினாரு, 1519ல ஸ்பானியப் படைத்தலைவர் கோர்ட்டெஸ் மெக்சிகோ வர்றதுக்குள்ள ஸ்பானியர்களுக்கு அந்த வார்த்தை பழகிப்போச்சு. ஆனா வேகவச்ச கதிர்ல மயோனைஸ் தடவி சீஸ் உதிர்த்து மிளகாய்ப்பொடி தூவி வண்டியில விக்கிறாங்களே, அது எலோத்தே, நஹுவால். பெரு போனா அதே இளங்கதிர் சோக்லோ, அது கெச்சுவா மொழி. அவகாடோவும் அப்படித்தான், இங்க அக்வகாத்தே, லிமாவுல பால்த்தா. நம்ம சப்போட்டாவை இங்க சிக்கோசப்போத்தேன்னு விக்கிறாங்க, நம்ம பேருக்கும் மூலம் நஹுவால்தான், வாங்கிப் பாருங்க.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன். நஹுவாலை இங்க சிலர் வெறும் 'தியாலெக்தோ'ன்னு, அதாவது பேச்சுவழக்குன்னு சொல்லிட்டுப் போவாங்க, நீங்க அப்படிச் சொல்லாதீங்க. அது முழு மொழி, 2020 கணக்கெடுப்புப்படி 16 லட்சம் பேருக்கு மேல இன்னும் பேசுறாங்க. தியாங்கிஸ்ல மூலிகை, நோப்பால்ங்கிற சப்பாத்திக்கள்ளி மடல் விக்கிற பாட்டிங்க சிலர் வீட்டுல அதுதான் பேசுவாங்க, மரியாதையா கேட்டா ரெண்டு வார்த்தை சொல்லியும் தருவாங்க.