எழுத்து நடந்த திகதியா, தாலி கட்டிய திகதியா: தூதரக நேர்முகத்தில் எதைச் சொல்வது?

உப்புவெளியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய கணவர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். 2023 ஜனவரியில் கணவர் விடுமுறையில் வந்தபோது திருகோணமலையில் எழுத்து, அதாவது பதிவுத் திருமணம், மட்டும் நடந்தது. கோவிலில் தாலி கட்டியது 2024 பெப்ரவரியில். இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தில், மனைவியை அமெரிக்காவுக்கு அழைப்பதற்கான மனுவைக் கணவர் தாக்கல் செய்துவிட்டார். இப்போது கொழும்பிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தில் நேர்முகத்துக்கு நாள் குறித்திருக்கிறார்கள். படிவங்களை நிரப்பிக் கொடுத்த ஏஜென்சிக்காரரோ, பதிவுத் திருமணத்தைப் பற்றிப் பேச்செடுக்க வேண்டாம், தாலி கட்டிய நாளையே கலியாண நாளாகச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் விசாவுக்காகச் செய்த கலியாணம் என்று மறுத்துவிடுவார்கள் என்கிறாராம். நேர்முகப் பயிற்சிக்கென்று தனியாகப் பணமும் கேட்கிறாராம்.

சகோதரி, நீங்கள் சொல்ல வேண்டியது பதிவு நடந்த திகதியை. உங்கள் விவாகச் சான்றிதழில் இருப்பதும், அதை வைத்துக் கணவர் தாக்கல் செய்த மனுவில் இருப்பதும், அதிகாரியின் மேசையில் திறந்து கிடக்கப்போகும் கோப்பில் இருப்பதும் அந்தத் திகதிதான். தாலி கட்டிய நாள்தான் கலியாண நாள் என்று நீங்கள் சொன்னால், கலியாணத்துக்கு முன்பே உங்கள் கணவர் உங்களை மனைவி என்று எழுதிக் கொடுத்திருக்கிறார் என்று ஆகிவிடும். அந்தப் பொல்லாப்பை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. முதலில் எழுத்து நடந்தது, ஓராண்டு கழித்துத் தாலி கட்டினார், அதுவரை எங்கள் வழக்கப்படி நான் பெற்றோர் வீட்டிலேயே இருந்தேன் என்று நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். கொழும்பில் இருக்கும் அதிகாரிகளுக்கு நம்மவரின் இந்த வழக்கம் புதிதல்ல.

ஏஜென்சிக்காரர் மறைக்கச் சொல்லும் அந்தத் திகதியே உங்களுக்கு நன்மை செய்யப்போகிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவுக்குள் நுழையும் நாளில் திருமணமாகி இரண்டு ஆண்டுகள் நிறைந்திராவிட்டால் இரண்டு ஆண்டுகளுக்கான நிபந்தனைக் கிரீன் கார்ட், அதாவது வதிவிட அட்டை, தான் கிடைக்கும். அது முடிவதற்கு முந்திய 90 நாட்களுக்குள் இருவரும் சேர்ந்து இன்னொரு மனுப் போட்டு, இன்னொரு கட்டணமும் கட்டி, மறுபடியும் காத்திருக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் நிறைந்திருந்தால் பத்து ஆண்டு அட்டை. உங்களுக்கு அந்த இரண்டு ஆண்டுகள் 2025 ஜனவரியிலேயே நிறைந்துவிட்டன. மனு போட்ட நாளில் இந்த இரண்டில் எந்தப் பிரிவில் இருந்தீர்கள் என்பது பொருட்டல்ல. எனினும் விசா கையில் கிடைத்ததும் அதில் பத்து ஆண்டு அட்டைக்கான பிரிவுதான் குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்தது வேறொரு வரி. படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது, மின்னஞ்சலும் ஏஜென்சிக்காரரிடமே இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். இதுதான் பொறி. தரகர் தன் மின்னஞ்சலைக் கொடுத்து, தன் வசதிக்கு ஏற்றபடி டிஎஸ்-260 என்ற குடிவரவு விசா விண்ணப்பப் படிவத்தை நிரப்பி, தெரியாத இடங்களில் ஊகித்து எழுதிவிடுவார். நேர்முகத்தில் வலக்கையை உயர்த்தி, அவ்வளவும் உண்மை என்று சத்தியம் செய்யப்போவது நீங்கள். முக்கியமான ஒரு விடயத்தில் வேண்டுமென்றே பொய் சொன்னதாக அதிகாரி முடிவு செய்தால், அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் அதற்கு ஆயுள் முழுவதற்குமான தடை உண்டு. விலக்குக் கேட்கலாம், ஆனால் நீங்கள் போக முடியாததால் கணவருக்கு மிகக் கடுமையான இடர் நேரும் என்று நிரூபிக்க வேண்டியிருக்கும். தரகருக்கு ஒன்றும் நேராது. ஆகையால் இன்றைக்கே வழக்கு இலக்கத்தையும் கட்டணப் பற்றுச்சீட்டு இலக்கத்தையும் அவரிடமிருந்து வாங்கி, கணவருடன் சேர்ந்து இணையத்தில் அந்தப் படிவத்தைத் திறந்து வரிவரியாக வாசியுங்கள். பிழை இருந்தால் பதறாமல், நேர்முகத்தில் அதிகாரி கேட்பதற்கு முன்பே இன்ன இடத்தில் பிழை இருக்கிறது என்று சொல்லித் திருத்தச் சொல்லுங்கள்.

எழுத்துக்கும் தாலிக்கும் இடைப்பட்ட காலத்தில் எங்காவது உங்களை ‘திருமணமாகாதவர்’ என்று எழுதினீர்களா என்றும் யோசித்துப் பாருங்கள். நம் வீடுகளில் தாலி ஏறும்வரை பெண்ணைக் கன்னி என்றே கருதுவதால், ஏதோவொரு நாட்டுக்கான சுற்றுலா விசா விண்ணப்பத்தில் அப்படி எழுதிவிட்டு மறந்துபோனவர்கள் உண்டு. அப்படியொன்று இருந்தால் அதையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுவது நல்லது.

பதிவுத் திகதியைச் சொன்னாற் போதும் என்ற என் பதிலுக்கு ஒரு விலக்கு உண்டு. உங்களுக்கு அது பொருந்தாது. ஆனால் கிண்ணியா, மூதூர்ப் பக்கத்திலிருந்து இதே கேள்வியைக் கேட்பவர்களுக்காக விரிவாகவே சொல்கிறேன். மணமகன் வெளிநாட்டில் இருக்க, தொலைபேசியிலோ காணொளியிலோ நிக்காஹ் நடந்திருந்தால், அது இங்கே செல்லுபடியானாலும் அமெரிக்கக் குடிவரவுச் சட்டம் உடனே ஏற்றுக்கொள்ளாது. இருவரும் ஒருவர் முன்னிலையில் ஒருவர் இல்லாமல் நடந்த திருமணம், அதன் பின்னர் இருவரும் நேரில் கூடிக் கணவன் மனைவியாக வாழ்ந்த பிறகே அந்தச் சட்டத்தின் கண்ணில் திருமணமாகும். நிக்காஹுக்கு முன்பு சந்தித்தது கணக்கில் வராது. நிக்காஹ் முடிந்த கையோடு, சந்திக்காமலேயே மனுப் போட்டிருந்தால் அந்த மனு நிற்காது; சந்தித்த பின் புதிதாகப் போட வேண்டிவரும். எனவே மணமகன் ஊருக்கு வந்த நாளைக் காட்டும் கடவுச்சீட்டு முத்திரைகள், இருவரும் ஒன்றாகத் தங்கியதற்கான பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றை, மனு போட்ட திகதிக்கு முந்தியவையா என்று பார்த்து எடுத்து வையுங்கள். கொவிட் காலத்தில் காணொளியில் முடித்த பலருக்கு இதை யாரும் சொல்லவில்லை.

பயிற்சிக்குப் பணம் கொடுக்காதீர்கள். மனப்பாடம் செய்த பதில் இரண்டாவது கேள்வியிலேயே வெளிறிவிடும். எப்படிப் பேசி முடித்தார்கள், அவர் என்ன வேலை செய்கிறார், யாருடன் இருக்கிறார், கடைசியாக எப்போது வந்தார் என்பவைதான் கேட்கப்படும். தமிழிலேயே பதில் சொல்லலாம். புதிதாக ஸ்ரூடியோவில் படமெடுத்து அல்பம் செய்ய வேண்டாம். எழுத்து அன்று எடுத்த நாலு படங்களும் கோவிலில் எடுத்த நாலு படங்களும் போதும்.

பத்திரங்களில் இரண்டை மட்டும் சொல்கிறேன். ஆங்கில மொழிபெயர்ப்பில் உங்கள் பெயரும் தகப்பனார் பெயரும் கடவுச்சீட்டில் உள்ள எழுத்துக்கூட்டலிலேயே இருக்க வேண்டும். பதினாறு வயதுக்குப் பின் வேறொரு நாட்டில் ஓராண்டோ அதற்கு மேலோ இருந்தவர்கள், அது தமிழ்நாட்டு அகதி முகாமானாலும் கட்டாரானாலும், அந்த நாட்டின் பொலிஸ் சான்றிதழையும் காட்ட வேண்டும். மாதக்கணக்கில் ஒரு மின்னஞ்சலுக்குக் காக்கவைத்துவிட்டு, நாள் குறித்ததும் மருத்துவப் பரிசோதனையையும் முடித்துக்கொண்டு வா என்று அவசரப்படுத்தும் முறை இது. அந்தப் பரிசோதனையைத் தூதரகம் நியமித்த மருத்துவர்களிடமே செய்ய வேண்டும் என்பதால், திருகோணமலைக்காரர் அதற்கொரு தடவை, நேர்முகத்துக்கொரு தடவை என்று கொழும்புக்கு அலைய வேண்டியிருக்கிறது. இதைப் பற்றி யாருக்கும் அக்கறை இருப்பதாகத் தெரியவில்லை. இரவு பஸ்ஸில் தூங்காமல் போய் இறங்கி நேராக வரிசையில் நிற்காமல், முதல் நாளே போய்த் தங்குங்கள். கைத்தொலைபேசியை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள்.

ஏதாவது பத்திரம் குறைந்தால் 221 ஜி என்று குறித்த தாளொன்றைத் தருவார்கள். அது வழக்கு முடிந்துவிட்டது என்பதல்ல. கேட்டதை ஓராண்டுக்குள் கொடுத்தால் கோப்பு மீண்டும் நகரும். அந்தத் தாளைக் கண்டதும், தூதரகத்துக்குள் எனக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு ஒருவர் வருவார். அப்படி எவருக்கும் உள்ளே ஆள் இல்லை.

விசா கிடைத்த பிறகு கட்ட வேண்டிய குடிவரவுக் கட்டணம் 2024 ஏப்ரல் முதல் 235 டொலர். அதை உங்கள் கணவரே அங்கிருந்து இணையத்தில் கட்டலாம். பற்றுச்சீட்டு அவர் பெயரிலோ உங்கள் பெயரிலோ இருக்கட்டும், ஏஜென்சிக்காரர் பெயரில் வேண்டாம்.