பார்வை நன்றாக இருக்கும்போதே லேசர் எதற்கு?

தம்பி, தண்டையார்பேட்டையில் ஆட்டோ ஓட்டும் உங்கள் அப்பாவுக்குப் பன்னிரண்டு வருடமாகச் சர்க்கரை, விழித்திரையில் லேசர் வேண்டும் என்கிறார் டாக்டர், "எனக்குத்தான் நல்லா தெரியுதே, காசு எதுக்கு?" என்கிறார் அப்பா என்று எழுதியிருந்தீர்கள்.

நன்றாகத் தெரியும்போது செய்வதுதான் சரி. போன பார்வையை லேசர் திருப்பித் தராது, இருப்பதைக் காப்பாற்றும். சர்க்கரையால் வரும் விழித்திரைப் பாதிப்பு முற்றிய நிலையில் லேசர் செய்தால் கடுமையான பார்வை இழப்பு பாதிக்கு மேல் குறைகிறது என்று 1976-லேயே அமெரிக்க ஆய்வு காட்டிவிட்டது. பார்வை போனால் லைசென்சும் போகும், தினச் சம்பளமும் போகும். அவரைக் கைப்பிடித்து அழைத்துப்போக வீட்டில் இன்னொருவரும் வேலையை விட வேண்டிவரும். அந்தக் கணக்கை அவரிடம் சொல்லுங்கள்.

ஒன்றை மறைக்கக் கூடாது. லேசருக்குப் பிறகு இரவுப் பார்வையும் பக்கவாட்டுப் பார்வையும் கொஞ்சம் குறையலாம். இரவுச் சவாரி ஓட்டுபவர் என்பதை டாக்டரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பரிசோதனைக்குச் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் மங்கலாக இருக்கும், அன்று வண்டியை வீட்டிலேயே விடட்டும்.

நடுவிழித்திரையில் வீக்கம் இருந்தால் கண்ணில் ஊசி போடச் சொல்வார்கள், அதுவும் ஒன்றோடு முடியாது. அந்த ஊசி மருந்துகளில் பெவாசிசுமாப் விலை குறைந்தது, பொருந்துமா என்று கேளுங்கள்.

செலவுதான் தடை என்றால் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கண் பிரிவு பக்கத்திலேயே இருக்கிறது. அல்லது மெட்ரோவில் சென்ட்ரல் வந்து மாறினால் எழும்பூர். அங்கே 1819-இல் தொடங்கிய அரசு கண் மருத்துவமனை இருக்கிறது. காப்பீட்டு அட்டையையும் பழைய ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே கூட்டிப் போங்கள்.