நான்கு அஞ்சலட்டை, நான்கு பெயர்: செர்னிவ்ட்சியை அடையாளம் காண்பது எப்படி?

கேள்வி: பழைய பட அஞ்சலட்டைகள் சேகரிக்கிறேன். ஒரு வியாபாரியிடம் மூன்று அட்டைகள் வாங்கினேன். ஒன்றில் 'செர்னோவிட்ஸ்' என்றும் இன்னொன்றில் 'செர்னவுட்ஸ்' என்றும் அச்சாகியிருக்கிறது. மூன்றாவதில் ரஷ்ய எழுத்தில் 'செர்னோவ்ட்ஸி'; படம் ஒரு சிவப்புச் செங்கல் மாளிகை. மூன்றும் வேறு வேறு ஊர் என்கிறார் அவர். நாடக அரங்கு உள்ள இரண்டாவது அட்டையில் பென்சிலால் '1900' என்று எழுதி விலையையும் கூட்டிவிட்டார். உக்ரைனில் மருத்துவம் படித்த பக்கத்து வீட்டுப் பெண் கொடுத்த 'செர்னிவ்ட்சி' அட்டையும் என்னிடம் இருக்கிறது. ஆல்பத்தில் எப்படி வைப்பது? (வாசகர், கோவை)

பதில்: நான்கும் ஒரே ஊர்தான். மேற்கு உக்ரைனில், ப்ரூத் ஆற்றை ஒட்டிய மேட்டில், ரோமானிய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. 1900இல் அங்கே பிறந்து தொண்ணூற்றிரண்டு வயது வரை வாழ்ந்த ஒருவர், வீடு மாறாமலே நான்கு நாட்டுத் தபால்தலை வாங்கியிருக்கலாம்.

1408இல் மால்டோவிய இளவரசர் ஒருவர் லிவிவ் வணிகர்களுக்குத் தந்த சாசனத்தில்தான் ஊரின் பெயர் முதன்முதலில் எழுத்தில் வருகிறது. 1774இல் ஆஸ்திரியப் படை வந்தது. 1849 முதல் இது புக்கோவினா என்ற தனி மாகாணத்தின் தலைநகர். 1918இல் ரோமானியா எடுத்துக்கொண்டது. 1940 ஜூனில் சோவியத். அடுத்த ஆண்டே திரும்பவும் ரோமானியா. 1944இல் மறுபடி சோவியத். 1991 முதல் சுதந்திர உக்ரைன். செர்னோவிட்ஸ் ஜெர்மன் பெயர், செர்னவுட்ஸ் ரோமானியப் பெயர், செர்னோவ்ட்ஸி ரஷ்யப் பெயர், செர்னிவ்ட்சி உக்ரேனியப் பெயர்.

அச்சான பெயரை மட்டும் நம்பிக் காலத்தை முடிவு செய்ய வேண்டாம். முதலில் தபால்தலையில் எந்தக் காசு என்று பாருங்கள். க்ராய்ட்சர் என்றால் 1900க்கு முந்தைய ஆஸ்திரியா, ஹெல்லர் என்றால் அதற்குப் பிந்தையது. பானி, லெய் ரோமானியா. கோப்பெக் சோவியத்.

அடுத்து படம். வேடிக்கையே இங்கேதான். தெருவில் டிராம் ஓடுகிறதா? அப்படியானால் படம் 1897க்கு முந்தையதாக இருக்காது. 1967க்குப் பிந்தையதாகவும் இருக்காது. டிராலிபஸ் (மேலே ஓடும் கம்பியில் மின்சாரம் எடுக்கும் பேருந்து) தெரிந்தால் 1939 அல்லது அதற்குப் பின்.

உங்கள் இரண்டாவது அட்டைக்கு வருவோம். அந்த அரங்கைக் கட்டியவர்கள் வியன்னாவின் ஃபெல்னர், ஹெல்மர் இரட்டையர். ஆஸ்திரியப் பேரரசு முழுக்க அரங்குகள் கட்டித் தள்ளியவர்கள். செர்னிவ்ட்சி அரங்கு திறந்தது 1905இல். எனவே பென்சில் எழுத்து வியாபாரியின் ஆசை, அவ்வளவுதான். அதற்காகக் கொடுத்த கூடுதல் பணத்தைத் திருப்பிக் கேட்க உங்களுக்கு நியாயம் இருக்கிறது. ஒரு உருப்பெருக்கியை எடுத்து அரங்கின் முன்புறத்தைப் பாருங்கள். ஒரு மனிதர் பீடத்தில் நிற்கிறாரா? அவர் ஜெர்மன் கவிஞர் ஷில்லராக இருக்கலாம். 1907இல் வைத்த சிலை. ரோமானியர் காலத்தில் அகற்றிவிட்டார்கள். ஷில்லர் நிற்கும் படத்தில் ரோமானியப் பெயர் இருந்தால் போலி என்று பயப்பட வேண்டாம். ஆட்சி மாறியதும் அச்சகத்தார் பழைய படத்துக்கே புதுத் தலைப்புப் போட்டு விற்பது சாதாரணம். அதனால்தான் படம் எடுத்த காலம் ஒன்று, தபால் முத்திரைக் காலம் ஒன்று என்று தனித்தனியாகக் குறிக்கச் சொல்கிறேன்.

மூன்றாவது அட்டையில் சிவப்புச் செங்கல் மாளிகை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதுதான் ஊரின் முகம். செக் நாட்டுக் கட்டடக் கலைஞர் யோசப் ஹ்லாவ்காவின் வடிவமைப்பில் 1864 முதல் 1882 வரை கட்டியது. கூரை ஓடுகளைக் கவனியுங்கள்: புக்கோவினாக் கம்பள வேலைப்பாடு போல வண்ண ஓடுகளை அடுக்கியிருப்பார்கள். கறுப்பு வெள்ளைப் படத்திலும் அது கோலம் போட்ட மாதிரித் தெரியும். 2011இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது.

பலர் தடுமாறும் இடமும் இதுதான். இப்போது அது பல்கலைக்கழகம். கட்டியதோ ஆர்த்தடாக்ஸ் பேராயரின் இல்லமாக. செர்னோவிட்ஸ் பல்கலைக்கழகம் 1875இலேயே வேறு கட்டடத்தில் தொடங்கிவிட்டது. பொருளியலாளர் ஷும்பீட்டர் 1909இல் வந்து பாடம் நடத்தியது அங்கேதான். (மாணவர்களுக்குப் புத்தகம் தர மறுத்த நூலகரோடு அவர் வாள் சண்டை போட்டார் என்று ஒரு கதை உண்டு. நூலகத்தில் அலைந்த யாருக்கும் புரியும்.) செங்கல் மாளிகை பல்கலைக்கழகத்தின் கைக்கு வந்தது 1950களில். ஆக, அதே மாளிகைக்கு 'பேராயர் இல்லம்' என்று தலைப்பிருந்தால் பழையது. 'பல்கலைக்கழகம்' என்றிருந்தால் சோவியத் காலம் அல்லது அதற்குப் பின்.

இன்னொரு அட்டை எப்போதாவது கிடைத்தால் விடாதீர்கள்: பெரிய குவிமாடத்தோடு நிற்கும் யூதத் தொழுகைக்கூடம். 1877இல் முடிந்தது, 1941இல் எரிக்கப்பட்டது. குவிமாடம் போய், மிச்சக் கட்டடம் 1959இல் சினிமா கொட்டகையானது. சினிமாவைக் குறிக்கும் 'கினோ'வையும் யூதத் தொழுகைக்கூடத்தைக் குறிக்கும் 'சினகோகா'வையும் ஒட்டி ஊர்க்காரர்கள் அதைக் 'கினகோகா' என்கிறார்கள். 1930 கணக்கெடுப்பில் நகரில் மூன்றில் ஒருவருக்கு மேல் யூதர். உக்ரேனியர் பத்தில் ஒருவர்தான். கவிஞர் பால் செலான் 1920இல் பிறந்தது இங்கேதான். 1942இல் அவருடைய பெற்றோரை, போரில் ரோமானியா பிடித்து வைத்திருந்த டிரான்ஸ்னிஸ்ட்ரியாவுக்கு நாடுகடத்தினார்கள்; அவர்கள் முகாமில் இறந்தார்கள். நகர மேயர் த்ரயான் போபோவிச் அனுமதிச் சீட்டு வாங்கித் தந்து சுமார் 20,000 யூதர்களை 1941இல் நடந்த நாடுகடத்தலிலிருந்து காப்பாற்றினார்.

சரி, ஆல்பம். பக்கத்தின் தலைப்பில் இன்றைய பெயரான செர்னிவ்ட்சி. கீழே தபால் முத்திரைத் தேதி வரிசையில் அட்டைகள். ஒவ்வொன்றின் அடியிலும் அதில் அச்சான பெயர், அன்றைய நாடு. அட்டையிலிருந்து தபால்தலையைப் பிரிக்கவே வேண்டாம், இரண்டும் கெட்டுப்போகும். ஒட்டுப் பசைக்குப் பதிலாக மூலைச் செருகிகள் போதும்.

நான்காவது அட்டை வரிசையில் கடைசியாக வரும். ஆனால் அதைக் கொடுத்த பெண்ணிடம் முதலில் பேசுங்கள். அங்குள்ள மருத்துவப் பல்கலைக்கழகத்தின் முதன்மைக் கட்டடம் அதே அரங்கின் சதுக்கத்தில்தான் நிற்கிறது. அங்கே படித்தவர் என்றால், உங்கள் இரண்டாவது அட்டையை எந்த மூலையில் நின்று எடுத்திருக்கிறார்கள் என்று பார்த்ததுமே சொல்லிவிடுவார். 2022 பிப்ரவரியில் போர் தொடங்கியபோது நம் மாணவர்கள் பலர் இந்த ஊர் வழியாகத்தான் சிரெத் எல்லையைக் கடந்து ரோமானியாவுக்குப் போனார்கள். அவரும் அப்படி வந்தவர் என்றால், சம்மதம் கேட்டு, தேதியோடு இரண்டு வரி எழுதி வாங்கி அந்த அட்டைக்குப் பக்கத்தில் வையுங்கள்.