டெக்சஸில் வேக டிக்கெட்டா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

கேள்வி: டெக்சஸ் இர்விங்கில் வசிக்கிறேன், வயது 29. 45 மைல் வேக எல்லையில் 58-ல் போனதாக சிட்டி போலீஸ் டிக்கெட் கொடுத்துவிட்டார்கள். சில மாதங்களுக்கு முன்புதான் இன்னொரு டிக்கெட்டுக்காக டிஃபென்சிவ் டிரைவிங் கோர்ஸ் (பாதுகாப்பாக ஓட்டுவது பற்றிய வகுப்பு) முடித்தேன். பேசாமல் ஆன்லைனில் அபராதத்தைக் கட்டிவிடட்டுமா?

பதில்: தயவுசெய்து கட்டாதீர்கள். பணம் கட்டினால் குற்றவாளி என்று தீர்ப்பானதாகவே ஆகும். உங்கள் டிரைவிங் ரெக்கார்டில் அது ஏறும், இன்சூரன்ஸ் பிரீமியமும் கூடலாம். விவரம் தெரியாமல் பலர் அவசரப்படுவது இங்கேதான்.

கோர்ஸ் எடுத்து டிக்கெட்டைத் தள்ளுபடி செய்யும் வழி 12 மாதத்துக்கு ஒருமுறைதான், அதை நீங்கள் பயன்படுத்திவிட்டீர்கள். மிச்சம் இருப்பது டிஃபர்டு டிஸ்போசிஷன். கோர்ட் உங்களுக்குத் தண்டனை விதிக்காமல் அதிகபட்சம் 180 நாள் நிறுத்திவைக்கும். நிபந்தனைகளை முடித்தால் வழக்கு தள்ளுபடியாகும். அது தண்டனைக் கணக்கில் வராது.

டிக்கெட்டில் ஆஜராக வேண்டிய தேதி இருக்கும். அதற்குள் கோர்ட்டைத் தொடர்புகொள்ளுங்கள். சிட்டி போலீஸ் கொடுத்தது என்பதால் முனிசிபல் கோர்ட். ஹைவேயில் ஸ்டேட் ட்ரூப்பர் (மாநில போலீஸ்) பிடித்திருந்தால் பெரும்பாலும் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் கோர்ட், அதாவது சிறு வழக்குகளுக்கான கவுன்டி அளவிலான கோர்ட். தேதியைத் தவறவிட்டால் ஆஜராகாத குற்றம் தனியாகச் சேரும், வாரன்ட்டும் வரலாம்.

டிஃபர்டு டிஸ்போசிஷனுக்கு விண்ணப்பிக்கும்போது 'கில்ட்டி' (குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்) அல்லது 'நோ கான்டெஸ்ட்' (ஒப்புக்கொள்ளவும் இல்லை, எதிர்க்கவும் இல்லை) என்று சொல்ல வேண்டும். நான் 'நோ கான்டெஸ்ட்'டைத்தான் சொல்வேன். விபத்து ஏதும் நடந்து யாராவது நஷ்ட ஈடு கேட்டு சிவில் வழக்கு போட்டால், அதை உங்கள் ஒப்புதலாகக் காட்ட முடியாது. அப்புறம் கோர்ட் செலவோடு ஒரு கட்டணமும் கேட்பார்கள், கிட்டத்தட்ட அபராதத் தொகை அளவுக்கே வரலாம். ஆகவே பணம் மிச்சமாகும் என்று நினைக்க வேண்டாம், மிச்சமாவது ரெக்கார்டு.

டிஃபர்டு டிஸ்போசிஷன் உரிமை அல்ல, நீதிபதியின் விருப்பம். கமர்ஷியல் லைசென்ஸ் (லாரி, பஸ் போன்றவை ஓட்டுவதற்கானது) வைத்திருப்பவர்களுக்குக் கிடைக்காது. சாலை வேலை நடக்கும் இடத்தில் ஆட்கள் இருக்கும்போது வேகமாகப் போய் மாட்டியவர்களுக்கும் கிடையாது. 25 வயதுக்குக் கீழே என்றால் இதோடு கோர்ஸும் கட்டாயம். உங்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

உத்தரவு கைக்கு வந்ததும் வரிவரியாகப் படியுங்கள். பெரும்பாலும் 'இந்தக் காலத்தில் புது டிக்கெட் வாங்கக்கூடாது' என்றிருக்கும். கடைசி நாளுக்குள் ஏதேனும் காகிதம் தாக்கல் செய்யச் சொல்லியிருக்கவும் கூடும். அந்த நாளை போனில் குறித்துவையுங்கள், ஏனென்றால் தவறினால் கோர்ட் விளக்கம் கேட்டு அழைக்கும். பதில் திருப்தியாக இல்லையென்றால் அபராதமும் தண்டனையும் ரெக்கார்டில் ஏறிவிடும்.

காலம் முடிந்ததும் கிளர்க்கிடம் தள்ளுபடி உத்தரவின் நகலைக் கேட்டு வாங்கிவிடுங்கள். விசா, குடியுரிமை விண்ணப்பங்களில் பழைய டிக்கெட் பற்றிய கேள்வி வந்தால் அந்தக் காகிதம்தான் கைகொடுக்கும்.